பின்பக்கத்தில் எழுதியவள்

ஹோமில் எல்லோரும் அவளை ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேட்ரனுக்கு அவளைவிட எட்டு வயது கூடுதல். அவருக்கும் அவள் அக்காதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறையில், ஒரே இரும்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் வயதைக் கேட்டு உறவு கொண்டாடுவதில்லை.

முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மூன்று மாடி, அறுபத்து நான்கு பேர். அவர்களில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலோ, குளியலறையில் வழுக்கினாலோ, காய்ச்சல் இறங்க மறுத்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஆளை வேனில் ஏற்றுவது ஒரு வேலை. ஆளைப் பற்றிய காகிதத்தை ஏற்றுவது இன்னொரு வேலை. என்னென்ன மாத்திரை, எத்தனை வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போன மாத ரத்தப் பரிசோதனை, மூன்று பிள்ளைகளில் எந்தப் பிள்ளை போனை எடுப்பான் என்பதெல்லாம் ஒரு பழுப்புக் கவருக்குள் போகும். கவர் நோயாளியின் கால்மாட்டில், போர்வைக்கு அடியில் செருகப்படும்.

"ஆளை மறந்தாலும் பரவாயில்ல, கவரை மறக்காதீங்க," என்று வேன் ஓட்டுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் சொல்வாள். வேன் ஓட்டுகிறவர் அவள் கணவர். அதனால் அதட்டியே சொல்லலாம்.

"ஆளை விட்டுட்டு கவரை மட்டும் கொண்டு போனா என்னைத்தான் படுக்க வச்சு ஊசி போடுவாங்க," என்பார் அவர்.

கவருக்குள் மேலாக இருப்பது மாற்றல் தாள். எப்போதோ இருந்த ஒரு மேனேஜர் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்துவிட்டுப் போனது. முன்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். பேர், வயது, நோய், மருந்து, ஒவ்வாமை. கட்டத்துக்குள் அடங்காத சங்கதிகளை அந்த மேனேஜர் யோசிக்கவில்லை. அதையெல்லாம் அக்கா பின்பக்கத்தில் எழுதினாள்.

"இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று பேசவும்." "மகள் வருவாள் என்று பொய் சொல்ல வேண்டாம். நம்பி வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பார்." "கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பயந்து கத்துவார். தூங்கும்போதும் இருக்கட்டும்." இரண்டாம் மாடி டிரில் மாஸ்டருக்கு, போன ஐந்து மாதமாக, அடியில் இரண்டு கோடு அடித்து எழுதியது இது: "தண்ணீர் அப்படியே கொடுக்கக் கூடாது. புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். பவுடர் கலந்து தேன் பதத்தில், உட்கார வைத்து, ஸ்பூனால் மட்டும். சல்யூட் அடித்துக் கேட்பார். ஏமாற வேண்டாம்."

இதெல்லாம் யார் படிப்பார்கள் என்று அவளுக்கே ஆரம்பத்தில் சந்தேகம் இருந்தது. அதனால் முன்பக்கத்தின் அடியில் 'பி.பா.' என்று சிவப்பு மையில் போடுவாள். பின்பக்கம் பார்க்கவும். ஒரு நாள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையிலிருந்து ஒரு போன் வந்தது. எப்போதும் ஜலதோஷம் பிடித்தது போன்ற ஒரு ஆண் குரல்.

"அம்மா, அந்த ரெண்டெழுத்தை இனிமே எழுதாதீங்க. உங்க தாள் வந்தா நான் முதல்ல திருப்பித்தான் பார்க்கறேன். முன்பக்கத்துல வியாதி இருக்கு, பின்பக்கத்துலதான் ஆள் இருக்காரு. அதைப் பார்த்துக் காப்பி எடுத்து நானே வார்டுக்கு அனுப்பிடறேன்."

அன்றிலிருந்து அவள் 'பி.பா.' எழுதுவதை விட்டாள். ஊருக்கெல்லாம் எழுதிக் காட்ட வேண்டியதை ஒருவர் சொல்லாமலே தெரிந்துகொள்கிறார் என்றால் அது சின்ன விஷயமா. அந்தக் குரலை அவள் பதினைந்து வருஷம் போனில் மட்டுமே கேட்டாள். நேரில் பார்த்ததில்லை. வீட்டில் அவருக்குப் பேர் மூக்கடைப்பு. "இன்னைக்கு மூக்கடைப்பு என்ன சொன்னாரு?" என்று கணவர் கேட்பார். பெரும்பாலும் மூக்கடைப்பு அவளைப் பாராட்டித்தான் ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பாராட்டைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பிப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் குட்டி வந்தாள்.

குட்டி அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. முப்பத்தாறு வயதிலும் வீட்டில் அவள் குட்டிதான். வேலை பார்த்துக்கொண்டிருந்த பார்சல் ஆபீஸை மூடிவிட்டார்கள். கணவர் மூன்று நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுற்ற, நாலாம் நாள் அக்காவே மேட்ரனிடம் போய்ப் பேசினாள். "நல்ல பொண்ணு மேடம். கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படி." தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அந்த வாக்கியத்தில்தான் என்று பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதமே ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் கவர் வேண்டாம், காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் வழியாக அனுப்புங்கள், நோயாளி வந்து சேரும் முன்பே டாக்டர் பார்த்துவிடலாம் என்று. அக்காவின் இரும்பு மேஜைக்கு எதிரே ஒரு புது மேஜை வந்தது. அதன் மேல் ஒரு ஸ்கேனர். பின்னால் சக்கரம் வைத்த நாற்காலி. அக்காவின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை வைத்துச் சமாளித்து ஏழு வருஷம் ஆகிறது. புது நாற்காலி கேட்டு அவள் எழுதிய கடிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. குட்டிக்கு நாற்காலி கேட்காமலே வந்தது. உருண்டும் ஓடியது.

அக்கா ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடிப்பாள். குட்டி பத்து விரலையும் ஓடவிட்டபடி நிமிர்ந்து எதிரே இருப்பவரிடம் பேசுவாள். தாளை மேலே வைத்தால் ஸ்கேனர் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து கீழே துப்பும். ஒரு ஆளின் மொத்த வியாதியும் ஒரு நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

"குட்டி வந்தப்புறம்தான் ஆபீஸ் ஆபீஸ் மாதிரி இருக்கு," என்றார் மேட்ரன். அப்படியென்றால் இருபத்திரண்டு வருஷம் இது என்ன, சந்தையா என்று அக்கா கேட்கவில்லை. சிரித்து வைத்தாள். முன்பெல்லாம் வேனில் ஒரு நர்ஸ் கூடப் போவாள். ஃபைல்தான் முன்னாடியே போய்விடுகிறதே என்று மேட்ரன் அதையும் நிறுத்திவிட்டார்.

வீட்டிலும் இதே பாட்டு. "நான் முதல் சிக்னலைத் தாண்டறதுக்குள்ள ஃபைல் அங்க போய் உக்காந்திருக்கு. என் தங்கச்சியாச்சே," என்று கணவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"மெஷின் பண்ணுது. உங்க தங்கச்சி என்ன, தோள்ல தூக்கிட்டா ஓடறா?"

"அந்த மெஷின் முன்னாடி உன்னையும்தான் உக்கார வச்சாங்க."

அதற்குப் பிறகு அன்று அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வந்தது. போன் அடித்தது, அக்கா எடுத்தாள். மூக்கடைப்பு.

"அந்த இன்னொரு அம்மா இல்லீங்களா?"

"எந்த இன்னொரு அம்மா?"

"ஸ்கேன் பண்றவங்க. ஃபைல் எல்லாம் அம்சமா வருதும்மா. நேரா வார்டு கம்ப்யூட்டருக்கே போயிடுது. எனக்குப் பாதி வேலை மிச்சம். ஒரு தேங்க்ஸ் சொல்லலாம்னு."

அக்கா போனைக் குட்டியிடம் நீட்டினாள். குட்டி சிரித்துச் சிரித்துப் பேசினாள். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். பதினைந்து வருஷத்தை அந்த இரண்டு நிமிஷத்துக்குள் யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது போல இருந்தது அக்காவுக்கு.

குட்டி கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் டீ வாங்கினால் முதல் கப்பை அண்ணிக்குத்தான் வைப்பாள். தெரியாததைத் தெரியாது என்று கேட்பாள். அன்று சாயங்காலமே வந்து கேட்டாள்.

"அண்ணி, மாற்றல் தாளுக்குப் பின்னாடி ஏதேதோ எழுதியிருக்கீங்களே. அதுவும் போகணுமா? இல்ல அது உங்களுக்காக எழுதி வச்சிருக்கறதா?"

அக்கா தலை நிமிரவில்லை. ஆமாம், அதுதான் முக்கியம், ரெண்டு பக்கமும் போடு என்று சொல்ல ஆறு வார்த்தை போதும். அந்த ஆறு வார்த்தை தொண்டை வரை வந்தது. கூடவே காலையில் கேட்ட 'அம்சமா வருது'ம் வந்தது.

"உனக்குத் தெரியாததா?" என்றாள்.

அண்ணியின் குரலில் இருந்த புளிப்பு குட்டிக்குத் தெரியாமல் இல்லை. சொந்தக் குறிப்பைப் படித்துவிட்டேன் என்று கோபம்போல என நினைத்துக்கொண்டாள். "சரி அண்ணி, அதைத் தொடல," என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்பக்கம் மட்டும் போகத் தொடங்கியது. சொல்லப்போனால் முதல் நாளிலிருந்தே முன்பக்கம் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது முடிவாகவே ஆகிவிட்டது.

அடுத்த பதினோரு நாளில் நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா போனுக்குக் காத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "என்னம்மா, இந்தத் தாத்தா நாங்க என்ன பேசினாலும் திரும்பவே மாட்டேங்கறாரு," என்று மூக்கடைப்பு கூப்பிட்டால் போதும். "அப்படியா சார்? நான் எழுதியிருந்தேனே. குட்டி அனுப்பலையா?" என்று பதில் சொல்லும் தொனியைக்கூடக் குளிக்கும்போது சரி பார்த்து வைத்திருந்தாள். நான்கு பேரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். இடது காது கேட்காதவர் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அன்பாகப் பேசினார்கள் என்று வேறு சொன்னார். அக்காவுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் கொஞ்சம்தான்.

பன்னிரண்டாம் நாள் டிரில் மாஸ்டருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. சிறுநீரில் தொற்று. ஒன்று நாற்பதுக்கு வேன் கிளம்பியது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவர் வாட்ச்மேனுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத்தான் போனார். எண்பத்தொரு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய ஆள். ஒரு சின்னப் பக்கவாதம் வந்து கையும் காலும் தப்பித்து, விழுங்குகிற தொண்டை மட்டும் அடிபட்டுப்போனது. அதிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் தண்ணீர் கேட்பார். "மாஸ்டருக்கு ஒரு மடக்கு," என்பார். விறைப்பாக ஒரு சல்யூட். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஒருத்தர்கூட அந்த சல்யூட்டுக்கு முன்னால் தாக்குப்பிடித்ததில்லை. பக்கத்தில் தெரிந்தவர்கள் யாராவது நின்று டம்ளரைப் பிடுங்க வேண்டும்.

வேன் கிளம்பியதுமே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்ட குட்டி, இரண்டே காலுக்கு ஃபைலை அக்காவின் மேஜையில் வைத்தாள். "அப்பவே போயிருச்சு அண்ணி. நான் சாப்பிட்டு வந்துடறேன், கீழதான் இருப்பேன்."

அக்கா ஃபைலை அலமாரியில் வைக்க எழுந்தாள். நாடா சரியாகக் கட்டப்படவில்லை. குறை கண்டுபிடித்த சந்தோஷத்தோடு அவிழ்த்தாள். மாற்றல் தாள் நழுவித் தரையில் குப்புற விழுந்தது. பின்பக்கம் மேலே. அவளுடைய கையெழுத்து. இரண்டு கோடு அடித்தது.

காய்ச்சல் என்றால் டாக்டர் என்ன சொல்வார்? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். சிறுநீர்த் தொற்று என்றால்? இன்னும் நிறைய. போன இடத்தில் தலைமாட்டில் ஒரு ஜக்கு வைப்பார்கள். மாஸ்டர் கையைத் தூக்கி சல்யூட் வைக்க வேண்டியதுகூட இல்லை.

மணி இரண்டு இருபது. வேன் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம். போய்ச் சேர்ந்துவிட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு கை மட்டும் ஓடி போனை எடுத்தது.

"சார், எங்க டிரில் மாஸ்டர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா. நாலாம் வார்டு. ஃபைல் அவருக்கு முன்னாடியே வந்து—"

"சார், பின்பக்கம் வரல."

"பின்பக்கம் இருக்கா? நீங்க எழுதறதை விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்மா. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒரு வருஷம் வைத்துச் சாப்பிட்டிருப்பாள். இன்று அதைத் தாண்டி ஓட வேண்டியிருந்தது. "அவருக்குத் தண்ணி குடுக்கக் கூடாது சார். நெஞ்சுக்குள்ள போயிடும். வார்டுல சொல்லுங்க."

"வார்டு போனை இந்த நேரத்துல எடுக்க மாட்டாங்க. வெறுங்கையோட போய்ச் சொன்னா நீ யாருன்னு கேப்பாங்க. நீங்க தாளை அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துக்கிட்டு நானே ஓடறேன்."

அக்கா ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினாள். "குட்டி!" சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள்.

"இதைப் போடு. பின்பக்கத்தை."

"இது உங்க குறிப்புன்னு—"

"போடு முதல்ல."

ஸ்கேனர் தாளை இழுத்தது, துப்பியது. குட்டியின் விரல்கள் நான்கு தட்டு தட்டின. "போயிருச்சு." இருபது விநாடி ஆகியிருக்காது. பழைய கவராக இருந்திருந்தால் முப்பத்தைந்து நிமிஷம் என்று அந்த நேரத்திலும் அக்காவின் மனசு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த மனசை என்ன செய்வது என்று தெரியாமல் கணவருக்குப் போன் போட்டாள். ஸ்ட்ரெச்சரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதற்காக அவர் எப்படியும் அங்கே அரை மணி நேரம் காத்திருப்பார்.

"என்னங்க, உடனே நாலாம் வார்டுக்குப் போங்க. மாஸ்டருக்கு யாரும் தண்ணி குடுக்காமப் பார்த்துக்குங்க."

"டிரைவரை வார்டுக்குள்ள யாரு—"

"சண்டை போட்டாவது போங்க."

அதற்கப்புறம் ஒன்பது நிமிஷம். குட்டி அந்தத் தாளைக் கையில் வைத்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. "இது ஆஸ்பத்திரிக்கு எழுதினதா அண்ணி? நான் அன்னைக்குக் கேட்டேனே."

"கேட்ட."

குட்டி அலமாரியைத் திறந்து அடுத்தடுத்த ஃபைல்களை எடுத்து, ஒவ்வொரு மாற்றல் தாளாக உருவிப் பின்பக்கத்தை ஸ்கேனரில் வைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் அக்காவும் நாலு வார்த்தை திருப்பித் திட்டி மூச்சு விட்டிருப்பாள். அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

போன் அடித்தது. கணவர்.

"இருக்காரு," என்றார் முதலில். பிறகுதான் மற்றது. "நான் போறப்ப நர்சம்மா டம்ளரை வாயில வச்சாச்சு. வேணாம்மான்னு கத்தினேன். டிரைவர் வந்து என்ன அதட்டறான்னு அது என்னைப் பார்த்து முறைக்குது, அதுக்குள்ள அவருக்குப் புரையேறிருச்சு. முகமெல்லாம் நீலம். நிமித்தி உக்கார வச்சு, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தாங்க. ரெண்டு வாய்தான் போயிருக்கு. பக்கத்துல ஒரு ஜக்கு நிறைய வச்சிருந்தாங்க, நிறையக் குடிக்கணும்னு எழுதி ஒட்டி."

"இப்ப?"

"இருமிக்கிட்டு இருக்காரு. நெஞ்சுப் படம் எடுக்கணுமாம். அந்த ஆள் தாளைக் கொண்டுவந்து குடுத்தப்புறம்தான் ஜக்கை எடுத்தாங்க."

"எந்த ஆள்?"

"உன் மூக்கடைப்புதான். குட்டையா, தொப்பையா. மாடி ஏறி வந்ததுல மூச்சு இரைக்குது. மூக்கு நல்லாத்தான் இருக்கு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டை நழுவி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மாஸ்டர் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதிக்குப் பக்கத்திலேயே, பதினைந்து வருஷம் நான் பார்க்காத முகத்தை இவர் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டார் என்ற பொருமலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அதை விரட்டக்கூட இல்லை. தெம்பு இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேட்ரன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். மாஸ்டருக்கு நெஞ்சில் கொஞ்சம் சளி இறங்கியிருந்தது, மருந்து போகிறது, ஆபத்து இல்லை. ஆனால் இருந்திருக்கலாம்.

"தொண்டை விஷயம் ஏன் போகல?" என்று கேட்டார் மேட்ரன். "அக்கா எழுதியிருக்காங்க. எனக்கே தெரியும். நடுவுல எங்க நின்னுச்சு?"

"என் தப்புதான் மேடம்," என்றாள் குட்டி. "ஒரு பக்கம் மட்டும் போட்டேன். பின்னாடி இருக்கறது தேவைப்படாதுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று இரவே முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறாள். அக்கா சும்மா இருந்தால் போதும். பதினோரு நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்தது பலித்துவிடும். புது மேஜை காலியாகும். போன் மறுபடியும் இரும்பு மேஜைக்கு வரும். வேலையில் இன்னும் மூன்று மாதம்கூட ஆகாதவளை அனுப்ப மேட்ரனுக்கு ஒரு கடிதம் போதும்.

அப்போது அக்காவுக்குத் தோன்றியது நியாயமோ பாசமோ இல்லை. விரல் வேகம் இவளுக்கு. நாற்காலி இவளுக்கு. மூக்கடைப்பின் தேங்க்ஸ் இவளுக்கு. இப்போது நல்லவள் என்கிற பேரையும் இவளே எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். வீட்டுக்குப் போனால் இவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சாகிறவரைக்கும் இவள் டீயை முதலில் என் முன்னால் வைப்பாள், நான் வாங்கிக் குடிக்க வேண்டும்.

"பொய் சொல்றா மேடம்," என்றாள். "அவ கேட்டா. பின்பக்கமும் போகணுமான்னு வந்து கேட்டா. நான் வேணும்னே சொல்லல."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "வேணும்னேன்னா?"

"அவ தப்புப் பண்ணட்டும்னு இருந்தேன். அவளைப் பார்த்தா எனக்கு வயிறு எரிஞ்சுது. இவ்வளவு ஆகும்னு நினைக்கல. நினைச்சிருக்கணும், அந்த வரியை எழுதினதே நான்தானே."

"அண்ணி, விடுங்க," என்றாள் குட்டி மெதுவாக.

"நீ சும்மா இரு. எல்லாத்துக்கும் நீயே வரணுமா?"

மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷம், அக்கா," என்றார் கடைசியில். அக்கா என்று அவர் கூப்பிட்டு இவ்வளவு வலித்ததில்லை.

விளக்கக் கடிதம் அக்காவின் கையாலேயே எழுதப்பட்டு, அவள் ஃபைலிலேயே வைக்கப்பட்டது. அலமாரிச் சாவி குட்டிக்குப் போனது. யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூட ஒரு நர்ஸ் போக வேண்டும், மாற்றல் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அடியில் 'பி.பா.' கட்டாயம் என்று உத்தரவு ஒட்டப்பட்டது. ஒவ்வொரு முறை அந்த இரண்டெழுத்தைப் போடும்போதும் பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதச் சொன்னது போல இருந்தது அவளுக்கு. கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சாம்பிராணி மாதிரி புகைஞ்சிருக்கியே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றார். உங்களிடம் சொன்னால் உங்கள் தங்கச்சியை மெச்சுவீர்கள் என்று அவள் சொல்லவில்லை. குட்டி டீ வாங்கினாள், முதல் கப்பை வைத்தாள். அக்கா குடித்தாள். அது சூடாக நன்றாகவே இருந்ததும் ஒரு கடுப்பு.

ஒன்பதாம் நாள் டிரில் மாஸ்டர் திரும்பி வந்தார். வேனிலிருந்து இறக்கியதும் வாட்ச்மேனுக்கு ஒரு சல்யூட், மாடியில் ரெக்கார்டு அறை வாசலில் இரண்டு மேஜைக்கும் பொதுவாக ஒரு சல்யூட். "மாஸ்டருக்கு ஒரு மடக்கு," என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிடையாது என்றார்கள். மாஸ்டர் கையை இறக்கி, இந்தப் பட்டாளம் தேறாது என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அவரோடு ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய தாள் வந்திருந்தது. என்ன மருந்து கொடுத்தார்கள், இனி என்ன கொடுக்க வேண்டும் என்கிற அச்சடித்த தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஆயிரம் தாள் பார்த்திருக்கிறாள்; அச்சுக்குப் பின்னால் எப்போதும் வெள்ளைதான். பழக்க தோஷத்தில் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க நீல மையில் யாரோ நர்ஸ் எழுதியிருந்தாள்.

"தேன் பதத்தில் மட்டும் கொடுத்தோம். தினம் பத்து சல்யூட். ஒருவரும் ஏமாறவில்லை. இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் இருமல் குறைகிறது, நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். தூங்கும் முன் யாராவது அவரிடம் 'அட்டென்ஷன்' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தால் உடனே தூங்கிவிடுகிறார்."

அட்டென்ஷன் விஷயம் அக்காவுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக, அதற்கு முன் ஆறு வருஷமாகத் தெரியாது. ஒன்பது நாள் பார்த்தவள் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டாம் தடவை படித்தாள். பிறகு எழுந்து போய்த் தாளைக் குட்டியின் மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் போடு," என்றாள்.

குட்டி திருப்பிப் பார்த்து, படித்து, சிரித்தாள். "அண்ணி, உங்களை மாதிரியே எழுதியிருக்காங்க."

"என்னை மாதிரியா?" என்றாள் அக்கா. தாளை இன்னொரு முறை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்து முத்து முத்தாக, ஒரு வரிகூட வளையாமல், அவளுடையதைவிட நன்றாக இருந்தது.